உச்சிக்கு ஏத்திவிட்டவன்

மணி பத்து இருவத்தஞ்சு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் கெடக்கு. மொட்டமாடியில தண்ணி டேங்க் நெழலுல உக்காந்துட்டு, கையில செல்போனையும் மடியில பூபதியோட நீள நோட்டையும் வெச்சுட்டு, தொண்டையச் செருமாம இருக்கேன். செருமுனா குரல் எறங்கிரும், எறங்குனா அது என் குரலாயிரும், நாப்பத்தெட்டு வயசு மாதேசு குரலு, கல்யாணக் கச்சேரியில பாட்டுக்காரங்க தண்ணி குடிக்கிற நேரத்துல மைக்கப் புடிச்சு நாயாட்டம், போர்வெல் லாரியாட்டம், மந்திரியாட்டம் கத்தற குரலு. எனக்கு வேண்டியது பூபதி குரலு. எங்கக்கா மகன், இருவத்தொம்பது வயசு, பாதிப் பேச்சு மூக்குல வரும், எதையும் ஒரு சிரிப்போட ஆரம்பிச்சு சிரிப்பு முடியறதுக்குள்ள வெசயத்தச் சொல்லிருவான். சிக்கிம் பக்கம் தாங்சே காங்னு ஒரு பனிமல, இருவத்தி நாலாயிரம் அடி, அதுல எங்கயோ இருக்கான். இருக்கானா? இரு, அந்தக் கேள்விய இப்பத் தொடாத, போன் பேசி முடிக்கற வரைக்கும் தொடாத. கீழ ஹால்ல எங்கக்கா பாவாயி கட்டில்ல சாஞ்சு, செவப்பு லேண்ட்லைன் போனுக்குப் பக்கத்துல, தல வாரிட்டு இருப்பா. மகன் கூப்புடறதுக்கு முன்னாடி தல வாருவா. அவனுக்கென்ன தெரியவா போகுதுன்னு மச்சான் கேட்டதுக்கு, குரல்ல தெரியும்னாளாம். குரல்ல தெரியும். இத என்கிட்டயே வந்து சொல்லிட்டுப் போறாரு அந்த மனுசன். பதினொண்ணுக்கு அந்த போன் அடிக்கும். அடிக்க வெக்கறவன் நான். அவ எடுப்பா, நான் அவ மகனாப் பேசுவேன். வெள்ளிக்கெழமையில இருந்து பேசறேன், இன்னிக்குப் புதன், ஆறாவது நாளு.

மொதல்ல வந்ததெல்லாம் உண்மையான போன்தான். அவன் கெளம்பிப் போயி நாப்பது நாளாச்சு. மலைக்கு அடியில கூடாரத்துல ஒரு சேட்டிலைட் போன், வெயில் தகட்டுல சார்ஜு, ஆளுக்கு ரெண்டே நிமிஷம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் கெடையாது, அவனுக்குத் தெரிஞ்சது சின்ன வயசுல ஸ்கூல் டைரியில எழுதுன இந்த லேண்ட்லைன் நம்பர் ஒண்ணுதான், அதனால டெய்லி பதினொரு மணிக்கு இதுக்குத்தான் அடிப்பான். பழைய போனு, கூப்புடறது ஆருன்னு நம்பர் காட்டாது. நடுவுல அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து ஈரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி ஸ்டென்ட் வெச்சாங்க, இருவது நாளாச்சு. அவன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. ஆசுபத்திரியில இருந்த நாலு நாளும், அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கா, கோயிலுக்குப் போயிருக்கான்னு மச்சான் சமாளிச்சாரு. வீட்டுக்கு வந்த அன்னிக்கு, ஊசி குத்துன கை பூசணியாட்டம் வீங்கிக் கெடக்கு, பதினொரு மணிக்கு போன எடுத்து, எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் இருக்கேன்னு பேசுனா பாருங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேன். தான் நல்லா இருந்தப்ப இருந்த குரல அவளே எடுத்துப் பேசறா, ஒரு பிசிறு இல்ல. குரல் எடுக்கற வித்த, எங்கப்பன் வழிச் சொத்து, எனக்கு மட்டும்தான் வந்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். போன புதன் போன் வரல. வியாழன் வரல. டாக்டரு அதிர்ச்சி ஆகவே ஆகாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு, இவ மாத்திரைய நாக்குக்கடியில ஒளிச்சு வெச்சுத் துப்பறா, அவன் பேசுனாத்தான் எனக்கு எறங்கும்ங்கறா. வெள்ளிக்கெழம காலையில மச்சான் இந்த மாடிப்படியில என் கையப் புடிச்சுட்டாரு. செங்கோடன்னு பேரு, முப்பது வருசம் லைன்மேனா கம்பம் ஏறுன மனுசன், அழுது நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு நாளைக்குடா மாதேசுன்னாரு. ஒரே ஒரு நாளுன்னு ஆரம்பிச்ச எந்தக் கச்சேரி ஒரே நாளுல முடிஞ்சிருக்கு.

பூபதி குரல் எனக்குக் கஷ்டமே இல்ல. அவன் காலேஜுல படிக்கறப்ப அவனாட்டம் போன் பண்ணி, பெயிலாயிட்டேன்னு அக்காகிட்ட வெளையாடி, அவ மூணு மாசம் என்கூடப் பேசாம இருந்தா. கஷ்டம் அந்த ரெண்டு செகண்டு. சேட்டிலைட் போன்ல நாம பேசறது வானத்துக்கு ஏறி அவன்கிட்ட எறங்கி, அவன் பேசறது மறுபடி ஏறி நம்மகிட்ட எறங்கோணும், அதுக்கு ரெண்டு செகண்டு ஆகும். அது இல்லாம டக்கு டக்குன்னு பதில் சொன்னா அக்கா கண்டுபுடிச்சிருவா. என் பொழப்பே டைமிங்தான். ஜோக்குக்கும் சிரிப்புக்கும் நடுவுல எத்தன நேரம் வாய மூடிட்டு நிக்கோணும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா அது சிரிப்பு வருதுன்னு தெரிஞ்சு நிக்கற நிப்பு. இது அப்படி இல்ல. சாப்டியா கண்ணுங்கறா. பதிலு நாக்கு நுனியில இருக்கு. சொல்லக் கூடாது. ஆயிரத்தி ஒண்ணு. ஆயிரத்தி ரெண்டு. அவ மூச்சு விடறது காதுல கேக்குது, வளையலு போன்ல ஒரசறது கேக்குது, பின்னாடி மச்சான் நாற்காலிய நகத்தறது கேக்குது. அந்த ரெண்டு செகண்டுலதான் எனக்குத் தோணும். இப்ப நான் பேசாம இருந்துட்டா என்ன ஆகும்? இந்தப் பேசாம இருக்கறதுதான நெசம். மலையில இருந்து இப்ப வந்துட்டு இருக்கற பதிலு இதுதான, ஒண்ணுமில்ல, ஒரு சத்தமும் இல்ல. அது மேல நான் ஒரு குரலப் போட்டு மூடறேன், குழிய இலையப் போட்டு மூடற மாதிரி. சாப்டேம்மா, ரொட்டியும் பருப்பும். கூடவே காலி சிப்ஸ் பாக்கெட்ட மைக்குக்கிட்ட வெச்சுக் கசக்கோணும், பனிக்காத்து. சனிக்கெழம கசக்கறப்ப மொளகா வாசம் மூக்குல ஏறித் தும்மிட்டேன். அங்க சளி புடிச்சிருச்சான்னு அரைமணி நேரம் அழுதாளாம். ஒரு தும்மலுக்கு. ஒரு தும்மலுக்கு அரைமணி நேரம்னா மத்ததுக்கு எத்தன நேரம்னு கணக்குப் போடாத. பத்து முப்பது.

என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் இந்த நோட்ட எடுத்தேன். அவன் அலமாரியில இருந்துச்சு. தாங்சே காங் மலையில ஏறுனவங்க கதைய ஆரம்பத்துல இருந்து எழுதி வெச்சிருக்கான், பரீச்சைக்குப் படிக்கறவனாட்டம், செவப்பு மையில கோடு போட்டு. ஒரு மலைக்கு இத்தன பேரு ஆசப்பட்டு அடிபட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. மொதல்ல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தொண்ணுல ரெண்டு இங்கிலீஷ் பட்டாளத்துக்காரங்க. அதுல கேப்டன் வெதர்பின்னு ஒருத்தனுக்குப் பதினெட்டாயிரம் அடியில பல்லு வலி, பூட்ஸுக்கு ஆணி அடிக்கற குறட்டுல தானே புடுங்கிட்டு, ரத்தம் நிக்காம எறங்கிட்டான். மல ஏறப் போயி பல்லக் குடுத்துட்டு வந்தவன். வெள்ளிக்கெழம எனக்கு அவன்தான் கை குடுத்தான். கூட இருக்கற ஒருத்தனுக்குப் பல்லு வலிம்மான்னேன், ஆயிரத்தி ஒண்ணு ரெண்டு, கிராம்பு வெச்சுக்கச் சொல்லுன்னா, தொண்ணூறு வருசம் முன்னாடி ஓடிப்போன வெள்ளக்காரனுக்கு எங்கக்கா கிராம்பு சொல்றா. அன்னிக்கு மாத்திரை போட்டா. அதுக்கப்பறம் என்னால நிறுத்த முடியுமா. சனிக்கெழம முப்பத்தெட்டாம் வருசம், அஞ்சு ஜெர்மன்காரங்க, நாலு பேரு மேல போனாங்க, கிளாஸ்னர்னு ஒருத்தன் கீழக் கூடாரத்துல இருந்தான். பனிமூட்டத்துல திக்குத் தெரியாமப் போயிருமேன்னு சாயங்காலமானா ஒரு அலுமினியத் தட்ட எடுத்துக் கரண்டியில அடிப்பான், சத்தத்தப் புடிச்சுட்டு எறங்கி வரட்டும்னு. பதினோரு நாள் அடிச்சான். பன்னண்டாம் நாள் தட்டப் பனியில வெச்சுட்டுக் கீழ போயிட்டான். இங்க தட்டு அடிப்போம்மா, மேல போனவங்க வழி தெரிஞ்சு வர்றதுக்குன்னு சொன்னேன், அக்கா ரெண்டு செகண்டுகூடப் பொறுக்கல, வந்தாங்களாங்கறா. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். வந்துட்டாங்கம்மான்னேன். நாலு பேரையும் பொழைக்க வெச்சுட்டேன் ஒரு வார்த்தையில. அந்தக் கிளாஸ்னர் கேட்டிருந்தான்னா என் காலுல விழுந்திருப்பான். எனக்கு அவன் குரல் தெரியாது, ஆனா அவன் தட்டுச் சத்தம் தெரியும், ராத்திரி பகல்னு இல்லாமக் கேக்குது, டங்கு டங்குன்னு, கொல்லன் அடிக்கற அடி இல்ல அது, சாப்பாட்டுக்கு ஆரும் வராத வீட்டுல அடிக்கற அடி.

எல்லாப் பக்கத்துலயும் பூபதி ஒரு வரி எழுதியிருக்கான், மற்றும் பதினாறு சுமை தூக்குவோர், மற்றும் இருவத்திரெண்டு சுமை தூக்குவோர். பேரில்ல. இந்த மற்றும் எனக்கு நல்லாத் தெரிஞ்ச மற்றும். நோட்டீசுல கீழ கடைசியில வரும், மற்றும் பலகுரல் மாதேஸ் குழுவினர். குழுவினருங்கறது நான் ஒருத்தன்தான். அப்பறம் அறுவத்தொண்ணுல ஜப்பான் காலேஜுப் பசங்க, தலைவன் பேரு ஹொசகாவா, அவங்கதான் மொத மொதல்ல உச்சியத் தொட்டாங்க, தொடவும் இல்ல, அடிவாரத்து ஊருக்காரங்க அங்க எங்க தாயி உக்காந்திருக்கா காலு வெக்காதீங்கன்னு கும்புட்டுக் கேட்டாங்களாம், அதுக்காக ஆறடி கீழயே நின்னு, கும்புட்டுட்டு, எறங்கிட்டாங்க. அதுக்கப்பறம் போற எல்லாரும் ஆறடி விட்டுருவாங்களாம். இத திங்கக்கெழம சொன்னதுக்கு அக்கா, நல்ல புள்ளைகன்னா, அப்பறம், நீ எப்பத்தான்டா ஏறி முடிப்பன்னா. அந்தக் கேள்விதான் என்னக் கவுத்துச்சு. ஏறி முடிச்சுட்டான்னா இவளுக்கு வெசனம் தீந்துரும், அப்பறம் வர்றது ஒண்ணுதான பாக்கின்னு நெனச்சேன். இல்ல, அதுவும் பொய்யி. கைதட்டு வாங்கற எடம் வந்துருச்சுன்னா என் நாக்கு நிக்காது, அதுதான் நெசம். நேத்துப் பதினொரு மணிக்கு, சிப்ஸ் பாக்கெட்ட ஓங்கிக் கசக்கிட்டு, ம்மா, ஏறிட்டேம்மா, ஆறடி விட்டு நின்னு கும்புட்டேன்னேன். ஆயிரத்தி ஒண்ணு. ஆயிரத்தி ரெண்டு. மூணு. நாலு. அவகிட்ட இருந்து ஒண்ணும் வரல. செத்தேன்னு நெனச்சேன், அவளக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அப்பறம் மூக்க உறிஞ்சற சத்தம், அப்பறம் சிரிப்பு, ஸ்டென்ட் வெச்ச நெஞ்சுல இருந்து எட்டு வயசுப் புள்ளையாட்டம் ஒரு சிரிப்பு. சாயங்காலம் தெருவுல எல்லா வீட்டுக்கும் லட்டு குடுத்தாச்சு. மச்சான் ஒரு லட்டக் கையில வெச்சுட்டு மேல வந்தாரு, திங்கவும் இல்ல, கீழ வெக்கவும் இல்ல. உச்சிக்கு ஏத்திட்டியேடா, இனி எறக்கறது ஆருன்னாரு.

எறக்கறது ஆரு. நாலு பேரு மேல் கூடாரத்துக்குப் போனாங்க, அதுல பூபதி ஒருத்தன், போன செவ்வாய்ல இருந்து அவங்ககிட்ட இருந்து தகவல் இல்ல, கீழ இருந்த போனும் கெட்டுப்போச்சோ என்னமோ, கேங்டாக்குல அந்த மல ஏறற சங்கத்து ஆளு டெண்டுப்புக்கு டெய்லி காலையில பத்து மணிக்கு நான் போன் பண்றேன், வெதர் பேட், வெயிட் கரோ, அதையேதான் சொல்றான், இன்னிக்கும் அதேதான், அவன் சொன்னத அவன் குரல்லயே மச்சான்கிட்டச் சொல்லிட்டேன், வேணும்னு இல்ல, வந்துருச்சு, மச்சான் என்னப் பாத்த பார்வை இருக்கே. கெட்ட பழக்கம். எந்தக் குரலும் எனக்குள்ள போனா என் குரலத் தள்ளிட்டு உக்காந்துக்குது. அப்படி ஒண்ணு உக்காந்துதான் இத்தனையும் ஆச்சு. இத மச்சானுக்குக்கூடத் தெரியாது. தை மாசம் பூபதி மலைக்குப் போறேன்னப்ப அக்கா ஒத்துக்கவே இல்ல. சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாளு. இங்க, இதே டேங்க்குக்குப் பக்கத்துல, அவன் என் கையில செல்லக் குடுத்து, மாமா, ஒரே ஒரு குரலுன்னான். நான் கர்னல் சக்கரவர்த்தி ஆனேன். சங்கத்துத் தலைவரு, ரிட்டையர்டு, மீசை இருக்கற குரலு. மேடம், நமஸ்தே மேடம், ஹண்ட்ரட் பர்சன்ட் சேஃப் மேடம், ஒங்க் பையன் எங்க் பையன் மேடம். பூபதி துண்ட வாயில திணிச்சுட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான், கண்ணுல தண்ணி. அக்கா சரின்னுட்டா. இப்பவும் சாமி வௌக்கு வெக்கறப்ப கர்னலையும் சேத்துக் கும்புடறா, நல்ல மனுசன், அவரு கூட இருக்கறவரைக்கும் எம் மகனுக்கு ஒண்ணுமில்லன்னு. அப்படி ஒரு கர்னல் இந்த ஒலகத்துல இல்லக்கா. இந்த டேங்க்குக்குப் பின்னாடிதான் இருந்தாரு, ரெண்டு நிமிஷம், அப்பறம் செத்துப்போயிட்டாரு. நான்தான் அவன அனுப்பிச்சேன். வெதர் இல்ல, மல இல்ல, நான்.

பத்து நாப்பது. இன்னிக்கு எறக்கோணும். நோட்டப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேன், எறங்கறதப் பத்தி ஒருத்தனும் ஒண்ணும் எழுதி வெக்கல. ஏறுனது ஒம்பது பக்கம், எந்தப் பாறையில கயிறு கட்டுனான், எந்தக் கூடாரத்துல என்ன சூப்பு குடிச்சான், எல்லாம் இருக்கு, எறங்குனதுக்கு ஒரே வார்த்தை, இறங்கினர். எப்படி எறங்குனாங்க, என்ன தின்னாங்க, எங்க கால் வழுக்குச்சு, ஒண்ணுமில்ல, இறங்கினர், புள்ளி. கடைசிப் பக்கத்துல பென்சில்ல, அந்த மலையில செத்தவங்க ஏழு பேரு, மேல பெருக்கல் குறி, அதுல ஆறு பேருக்கு நேரா பூபதியோட கோழிக்கிறுக்கல்ல, இறங்கும்போது. இத அவன் எழுதிட்டுத்தான் போயிருக்கான். தெரிஞ்சுட்டுத்தான் என் முன்னாடி துண்டக் கடிச்சுட்டுச் சிரிச்சிருக்கான். நான் என்னன்னு பேச? ம்மா, எறங்கிட்டு இருக்கேன். அவ கேப்பா, எது வரைக்கும் வந்துட்ட. ரெண்டாவது கூடாரம்மா. நாளைக்கு? மொதக் கூடாரம். நாளான்னிக்கு? அடிவாரம், அப்பறம் ஜீப்பு, அப்பறம் ரயிலு, சேலம் ஜங்சன், அப்பறம் திருச்செங்கோட்டு பஸ்ஸு, அப்பறம் இந்தக் கதவு, கதவத் தட்டோணுமில்ல ஆராச்சும். குரலு எறங்கி வந்துரும், எத்தன படி வேணும்னாலும் எறங்கும், ஆளு? வேண்டாம், பாதையில அடைப்பு, நிலச்சரிவுன்னு சொல்லி ஒரு வாரம் நிறுத்தி வெப்போமா? வெச்சு? நிலச்சரிவுன்னா நெஞ்ச அடைச்சிரும் அவளுக்கு. பனி பெய்யுதும்மா, உள்ளயே உக்காந்து சீட்டு வெளையாடறோம், அது ஞாயித்துக்கெழம சொல்லியாச்சு. கேமரா தொலஞ்சு போச்சும்மா. பக்கத்து ஊருல திருவிழா. எதுத்தாப்புல செங்கோட்டு மல வெயில்ல செவந்து நிக்குது, அதுல படிக்கட்டு இருக்கு, ஏறறதுக்கும் அதே படி எறங்கறதுக்கும் அதே படி, கைப்புடிச் சொவரு இருக்கு, நடுவுல மோர் விக்கறாங்க. அந்த மலையோட நின்னிருக்கலாமில்லடா நீயி. படி இல்லாத பின்பக்கம் போயித் தொங்கிப் பழகுனியே, அப்பவே ஒரு அறை குடுத்திருக்கோணும் நான், குடுக்கல, கீழ நின்னு கிரிக்கெட் கமெண்டரியாட்டம் சொல்லிட்டு இருந்தேன், பூபதி இடது கால எடுத்து வெக்கறாரு, கூட்டம் மூச்சப் புடிச்சுட்டு நிக்குதுன்னு. பத்து நாப்பத்தெட்டு. சரி. ம்மா. ம்மா, நல்லா இருக்கேம்மா. சிரிப்பு பத்தல. ம்மா. இப்ப சரி, இதப் புடிச்சு வெச்சுக்க.

போன் அடிக்குது. கீழ. லேண்ட்லைன். நான் என் கையப் பாக்கறேன், செல்லு இருட்டா இருக்கு, நான் இன்னும் நம்பரே போடல. மறுபடி அடிக்குது. ஒறம்பரை, சொந்தக்காரங்களா இருக்கும், லட்டு கெடச்ச ஆராச்சும், இல்ல பூபதி வேல பாக்கற போர்வெல் லாரி ஆபீசுல இருந்து அவன விசாரிச்சு. இல்ல டெண்டுப். ஐயோ டெண்டுப்பா இருக்கக் கூடாது, அவனுக்கு வீட்டு நம்பரு ஆரு குடுத்தா, சங்கத்து அப்ளிகேஷன்ல எழுதியிருப்பானே பூபதி, வீட்டு நம்பர்னு கேட்ட எடத்துல. எந்திரிக்கப் பாக்கறேன், காலு மரத்துக் கெடக்கு. படி வழியா அக்கா குரல் வருது, கண்ணுன்னு எடுத்த எடுப்புல, தல வாரி முடிச்ச குரலு. அப்பறம் சத்தம் இல்ல. அப்பறம், ஆருங்கறா. மறுபடி சத்தமில்ல, கொஞ்சம் நீளமா. அலோ, ஆருன்னு கேக்கறேனில்லங்கறா. அப்பறம் அவ குரலு மாறுது, எனக்கு அந்த மாத்தம் தெரியும், மூணு மாசம் பேசாம இருந்தாளே, அதுக்கு முன்னாடி கடைசியாக் கேட்ட குரலு அது. டேய் மாதேசு, நேரங்காலம் கெடையாதாடா உனக்கு, எம் மகன் கூப்புடற நேரத்துல போன அடைச்சுட்டு வெளையாடறயா, வெய்யிடா போனன்னு அவளே வெக்கறா. டொக்குன்னு. அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு.

பதினாலு படி. எப்படி எறங்குனேன்னு தெரியல. படி அடியில மச்சான் நின்னுட்டு, உதட்ட மட்டும் அசச்சு, நீயான்னாரு. நான் இல்லைன்னு தலையாட்டுனேன். அப்ப ஆரு? போன்ல வந்த குரல இந்த வீட்டுல கேட்டவ அக்கா ஒருத்திதான், கேட்டு, மகன் இல்லன்னு முடிவு பண்ணி வெச்சுட்டா. கேட்டிருந்தா ஆருன்னு சொல்லியிருக்கக் கூடிய நான் டேங்க்குக்குப் பின்னாடி உக்காந்து சிரிப்புப் பத்தலன்னு பாத்துட்டு இருந்தேன். அவகிட்ட எப்படிக் கேக்கறது? ஆருக்கா போன்லன்னு கேட்டா, நீதானன்னுவா. நான் இல்லக்கான்னா, பின்ன ஆருன்னுவா, அதுக்குப் பதில் சொன்னா, வெள்ளிக்கெழமையில இருந்து ஆருன்னும் சொல்லோணும். எனக்குத் தெரிஞ்சது ஒரு வழிதான். மேடையில ஐட்டம் சொதப்புனா சிரிக்கற சிரிப்ப மூஞ்சியில ஒட்டிட்டு உள்ள போயி, எப்படிக்கா இருந்துச்சு, அவனாட்டம் இருந்துச்சான்னேன்.

"கேவலமா இருந்துச்சு," அப்படின்னா அக்கா. "நீ பண்ணதுலயே இதுதான் மோசம். ஒரு பொட்டுக்கூட அவனாட்டம் இல்ல. நேத்துவரைக்கும் எம் மகன் மணியாட்டம் பேசறான், நீ என்னமோ தொண்டையில துணியக் கட்டுன மாதிரி."

"எப்படிக்கா? நீ பண்ணிக் காட்டு பாக்கலாம்."

பண்ணிக் காட்டுனா. கோவம் அவளுக்கு, என்னக் கேவலப்படுத்தோணும்னு பண்ணிக் காட்டுனா, கழுத்த முன்னாடி நீட்டி, வாய பாதி தொறந்து. "ம்மா," மூச்சு, "கீழ வந்துட்டேன்," மூச்சு, "ரெண்டு வெரலுதான் போச்சு," மூச்சு, "பயப்படாதம்மா," மூச்சு, "போன் இப்பத்தான்," மூச்சு. "அவ்வளவுதான், நான் ஆரு ஆருன்னு கேக்கறேன், அது காதுலயே வாங்காமப் பேசிட்டே போகுது. என்ன பேச்சுடா அது, வெரலு போச்சுன்னு? வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லுவாங்களா?"

முப்பது வருசமா இதுதான் எனக்குத் தொழிலு. அடுத்தவன் குரல எடுத்துக் காட்டறவன் எதக் கூட்டறான், எத அப்படியே வெக்கறான்னு எனக்குத் தெரியும். அக்கா கூட்டல. வறண்டு வெடிச்ச ஒரு தொண்டை, வார்த்தைக்கு ஒரு மூச்சு, மூச்சுக்குள்ள ஒரு விசிலு, உள்ள காத்து பத்தாத ஒருத்தன் பேசறது, அத இந்த ஊருல உக்காந்து ஒருத்தரும் கற்பனை பண்ண முடியாது. நான் பண்ணல. அஞ்சு நாள், சிப்ஸ் பாக்கெட்டு, ரெண்டு செகண்டு, பல்லு வலி, தட்டு, எல்லாம் யோசிச்சேன், மலையில இருக்கறவனுக்கு மூச்சு வாங்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் அவள ஹால் சோபாவுல கால் நீட்டி உக்காந்திருக்கற பூபதி கூடப் பேச வெச்சிருக்கேன். அந்தக் குரல அவ காதுல ஊத்தி ஊத்தி, இதுதான் உன் மகன்னு பழக்கிவிட்டு, நெசமானவன் ரெண்டு வெரல எங்கயோ விட்டுட்டுக் கீழ வந்து மொத வேலையா போனத் தூக்குனா, நீ என் மகன் இல்லன்னு சொல்ல வெச்சுட்டேன். இருக்கான். கடவுளே, இருக்கான். எட்டு நாளா நெஞ்சுல கெடந்த கல்லு எறங்குது, எறங்கற வேகத்துலயே இன்னொண்ணு ஏறுது. ஆளுக்கு ரெண்டே நிமிஷம். அங்க ஒரு கூடாரத்துல போனக் காதுல வெச்சுட்டு, மாதேசு வெளையாடறயான்னு அவங்கம்மா திட்டுனதக் கேட்டுட்டு நிக்கறான். என்ன நெனப்பான்? அம்மாவுக்கு புத்தி கலங்கிருச்சுன்னா? நான் ஆரோ ஆயிட்டேன்னா?

பின்னாடி மச்சான் மெதுவா படியில உக்காந்துட்டாரு. அவரும் வெரல் வரைக்கும் கேட்டுட்டாரு. சத்தம் வராம இருக்கறதுக்கு மணிக்கட்டக் கடிச்சுட்டு இருக்காரு. அக்கா தலமுடிய ஒரு தடவ ஒதுக்கிட்டு, மணியப் பாரு பதினொண்ணு ஆகப்போகுது, தள்ளி நில்லு, அவன் கூப்புடற நேரம்னா. நான் தள்ளி நின்னேன். செவுத்துக் கடிகாரத்துல முள்ளு பதினொண்ணத் தொட்டுச்சு. போன் அடிக்கல. ஒரு நிமிஷம். அக்கா போனப் பாத்துட்டே, டாண்ணு அடிக்குமேன்னா. ரெண்டு நிமிஷம். ரிசீவர எடுத்துக் காதுல வெச்சு, டயல் டோன் இருக்கான்னு பாத்துட்டு, திரும்ப வெச்சா. அடிக்க வேண்டியவன் அவளுக்கு மூணடி தள்ளி நிக்கறேன், செல்லு சட்டப் பையில, பூபதி நோட்டு ஒரு கையில, இன்னொரு கையில காலி சிப்ஸ் பாக்கெட்டு, எறங்கற அவசரத்துல அதையும் தூக்கிட்டு வந்திருக்கேன். மூணு நிமிஷம். இப்பச் சொல்லீரு, சொல்லீரு மாதேசு, பூபதி இருக்கான், அதுதான முக்கியம், மத்தத அவ மன்னிக்கட்டும் மன்னிக்காமப் போகட்டும்னு வாயத் தொறக்கறேன், எந்தக் குரல்ல ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூடறேன். அக்கா நிமிந்து என் சட்டப் பையப் பாத்தா. நோட்டப் பாத்தா. என் கைக்குள்ள அந்த பாக்கெட்டு கசங்கற சத்தம், அத ரொம்ப நேரம் கேட்டா. திட்டுவான்னு நெனச்சேன், நெஞ்சப் புடிச்சுக்குவான்னு நெனச்சேன், எதுவும் பண்ணல. கொஞ்சம் முன்னாடி டொக்குன்னு வெச்ச அந்த ரிசீவர முந்தானையில மெல்லத் தொடச்சா, அடிபட்ட எடத்தத் தடவற மாதிரி.

"மறுபடி கூப்புடுவானாடா?"

தெரியலக்கான்னேன்.